நந்தலால் போஸ்: எழுத்தில்லாத பக்கங்களை வாசிக்கக் கற்பித்தவர்

இந்தியாவின் அரசியலமைப்பு நூலின் மூலப் பிரதியைச் சித்திரங்களால் அலங்கரித்தவர் நந்தலால் போஸ். காந்தியடிகள் தடியூன்றி நடந்து செல்லும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைச் செதுக்கியவரும் அவரே. இந்த அளவுக்குப் பலருக்குத் தெரியும். ஆனால், அவர் கல்லூரிப் பரீட்சைகளில் மீண்டும் மீண்டும் தோற்றவர் என்பதும், மேற்கு வங்கத்தின் சிறுபிள்ளைகள் பல தலைமுறைகளாக அவருடைய படங்களைப் பார்த்தே முதல் எழுத்தைக் கற்றார்கள் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் கவர்ந்தவை இவை இரண்டும்தான்.

நான் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கும் ஆசிரியை. தரம் 1இல் சேரும் பிள்ளை எழுத்தை அறியுமுன்னே கோடு கீறுகிறது. குளம், வரம்பு, கொக்கு, தோட்டத்து வேலியை முறிக்கும் யானை, கிணற்றடி வாளி என்று கண்டதெல்லாம் தாளில் வருகின்றன. தரம் 4 முடியும்போது அந்தக் கொப்பி மெல்ல மெல்லப் பையிலிருந்து வெளியே போய்விடுகிறது. புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது, மேலதிக வகுப்பு வருகிறது, மாதிரி வினாத்தாள் வருகிறது. படம் கீறுவது நேரத்தை வீணாக்குவது என்று உம்மாமாரும் வாப்பாமாரும் எண்ணுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பல தடவை இடம்பெயர்ந்து, ஒன்றுமில்லாமல் திரும்பி வந்த குடும்பங்களுக்குக் கல்வி ஒன்றுதான் கையிலிருக்கும் சொத்து. அந்தப் பெற்றாரோடும் பிள்ளைகளோடும் பேசுவதற்காகவே நந்தலாலின் கதையை எடுத்துக்கொண்டேன்.

பொம்மை செய்த தாய்

நந்தலால் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி பீகாரின் முங்கேர் மாவட்டத்தில், காரக்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். வங்காளக் குடும்பம். தந்தை பூர்ணசந்திர போஸ் தர்பங்கா சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர். தாய் க்ஷேத்ரமணி கைவேலையில் வல்லவர். கிடைத்த பொருளைக் கொண்டு மகனுக்குப் பொம்மைகள் செய்து கொடுப்பார். தாயைச் சிறு வயதிலேயே இழந்த நந்தலால், அவர் கைகள் செய்ததை மட்டும் மறக்கவில்லை.

ஊரில் குயவர் இருந்தனர், மண்பொம்மை செய்வோர் இருந்தனர். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் போய் நின்று பார்ப்பதே சிறுவனுக்கு விளையாட்டு. பார்த்ததை வீட்டுக்கு வந்து செய்து பார்ப்பான். சித்திர ஆசிரியர் என்று ஒருவர் அவனுக்கு அப்போது இருக்கவில்லை. ஊரின் கைவினைஞர்களே முதல் ஆசான்கள்.

16 வயதளவில் உயர்கல்விக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். நுழைவுப் பரீட்சையில் சித்தியடைந்தார். அதன் பிறகுதான் தொல்லை. ஒரு கல்லூரியில் தோற்று இன்னொரு கல்லூரிக்கு மாறினார், அங்கேயும் தோற்றார். குடும்பத்தார் வணிகக் கல்வியிலாவது தேறட்டும் என்று சேர்த்துவிட்டனர். அதுவும் சரிவரவில்லை. இதற்கிடையில் சுதீராதேவியுடன் திருமணமும் ஆகியிருந்தது. மனைவியுள்ள இளைஞன், கையில் சான்றிதழ் இல்லை, மனமோ படங்களில் இருக்கிறது. எந்தத் தந்தைக்கும் கவலை வரத்தான் செய்யும். 1905ஆம் ஆண்டளவில் வீட்டாரை எப்படியோ இணங்கவைத்து அரசாங்கக் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசான் அவனீந்திரநாத் தாகூர்.

தூக்கமிழந்த ஆசான்

அவனீந்திரநாத், கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் உறவுமுறை மருமகன். ஆங்கிலேயர் வகுத்த பாடத்திட்டத்தின்படி ஐரோப்பியச் சிலைகளைப் பார்த்துப் பிரதி செய்வதே ஓவியக் கல்வி என்றிருந்த காலத்தில், முகலாயச் சிற்றோவியங்களையும் அஜந்தாவையும் நாட்டார் கலையையும் நோக்கி மாணவரைத் திருப்பியவர். அவரைப் பற்றிய ஒரு சம்பவம் ஆசிரியர்கள் எல்லோரும் அறிய வேண்டியது.

நந்தலால் ஒருமுறை தவமிருக்கும் உமாவைச் சித்திரித்தார். படத்தில் நிறம் மிகக் குறைவு, அணிகலனும் இல்லை. அதைப் பார்த்த அவனீந்திரநாத், படம் வெறுமையாக இருக்கிறதே, கொஞ்சம் நிறமும் அலங்காரமும் சேர்த்தால் நன்று என்று கூறிவிட்டுப் போனார். வீட்டுக்குப் போனவருக்கு இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. தவத்தில் இருப்பவளுக்கு நகை எதற்கு? மாணவன் கண்டதுதானே சரி? விடிந்ததும் விடியாததுமாக ஓடினார். நந்தலால் நிறம் சேர்க்கத் தூரிகையை எடுக்கும் தறுவாயில் தடுத்து நிறுத்தினார். படம் தப்பியது.

இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. சிறுபிள்ளை ஒன்று வானத்துக்கு மஞ்சள் பூசினால், வானம் நீலமல்லவா என்று திருத்துவதற்கு எங்களுக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. வன்னியில் வைகாசி மாதத்துப் பிற்பகலில் வெளியே போய்ப் பார்த்தால், புழுதி படிந்த வானம் மஞ்சளாகத்தான் இருக்கும். பிள்ளை கண்டதைக் கீறியது, நாங்கள் படித்ததைச் சொல்கிறோம்.

சுவரில் எழுதாத கதைகள்

சிவனையும் சதியையும் சித்திரித்த ஓவியத்துக்காக நந்தலாலுக்கு 500 ரூபாய் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. அவர் அந்தப் பணத்தைக் கொண்டு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். கோயில்களையும் சிற்பங்களையும் கட்டடங்களையும் கண்ணால் கண்டு, கையால் கீறிக்கொண்டே போனார்.

1909இல் அஜந்தாவுக்குப் போனார். ஹெரிங்ஹாம் என்னும் ஆங்கிலப் பெண்மணி அக்குகைகளின் சுவரோவியங்கள் அழிந்துபோகுமுன் பிரதி எடுக்க முனைந்திருந்தார். கல்கத்தாவிலிருந்து நந்தலாலும் வேறு மாணவரும் உதவிக்குச் சென்றனர். அந்தப் பணியில் ஹைதராபாத்தைச் சேர்ந்த செய்யத் அஹ்மத், முஹம்மத் ஃபஸ்லுத்தீன் என்ற முஸ்லிம் ஓவியர் இருவரும் பங்குகொண்டனர். மங்கலான வெளிச்சத்தில், 1500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கோடுகளைப் பின்தொடர்ந்து கை போகவேண்டும். சுவரில் ஒரு சொல்லுமின்றிக் கதை ஓடுகிறது. அரசன் வருகிறான், யானை வருகிறது, ஒருத்தி துயரத்தில் சாய்கிறாள். வாசிக்கத் தெரியாதவரும் அந்தக் கதைக்குள் நுழையலாம். சொல் இல்லாமல் கதை சொல்வது எப்படி என்பதை நந்தலால் அங்கே கற்றார்.

வங்காளத்திலும் அத்தகைய மரபு ஒன்று இருந்தது. மேதினிப்பூர்ப் பகுதியின் பட்டுவா எனப்படும் ஓவியர்கள் நீண்ட சுருள்களில் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து, ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு கட்டமாக விரித்து, விரலால் சுட்டிப் பாடுவார்கள். சுருளில் எழுத்து இராது. ஒவ்வோர் ஊரிலும் கதை கொஞ்சம் மாறும். இந்தப் பட்டுவாக்களில் பெரும்பாலோர் இஸ்லாமியர், சித்ரகர் என்ற குடும்பப் பெயரைக் கொண்டவர்கள். காஸி என்னும் முஸ்லிம் பெரியாரின் கதையையும் இந்துப் புராணங்களையும் ஒரே கையால் வரைந்தவர்கள். நந்தலால் பட்டு ஓவியத்தின் தடித்த கோட்டையும் வேகத்தையும் தம்முடையதாக்கிக்கொண்டார். சென்னையிலுள்ள தாரா பதிப்பகம் இன்று பட்டுவாக்களின் சித்திரங்களைப் புத்தகங்களாக வெளியிட்டு வருகிறது. ஆக, சொல்லற்ற சித்திரப் புத்தகம் மேனாட்டிலிருந்து நேற்று வந்த புதுமை என்று எண்ணவேண்டியதில்லை.

செம்மண் நிலத்துப் பாடசாலை

ரவீந்திரநாத் தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். கல்கத்தாவிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீற்றர் தொலைவு. செம்மண், பனைமரம், கோடையில் பொறுக்க முடியாத வெயில், பக்கத்தில் சந்தால் பழங்குடியினரின் ஊர்கள். வவுனியாவிலிருந்து மாங்குளம் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் பாதையில் இருப்பவர்களுக்கு அந்த நிலத்தைக் கற்பனை செய்வது கடினமல்ல. வகுப்புகள் மரநிழலில் நடந்தன. அங்கே 1919இல் கலாபவனம் என்ற கலைக்கூடம் உருவானது. நந்தலால் 1922 முதல் 1951 வரை அதன் தலைவராக இருந்தார்.

கல்கத்தாவில் இருந்திருந்தால் பணமும் பெயரும் இன்னும் இலகுவாக வந்திருக்கும். அவர் கிராமத்தில் மாணவரோடு இருப்பதையே தேர்ந்துகொண்டார். கற்பித்த முறையும் வேறு. மாணவரைக் கூட்டிக்கொண்டு வெளியே போவார். சட்டைப்பையில் எப்போதும் சிறிய அட்டைகள் இருக்கும். எருமை, நாய்க்குட்டி, சுமை தூக்கும் பெண், மழைக்கு முந்திய வானம் எனக் கண்டதை அங்கேயே கீறுவார். நண்பருக்கும் மாணவருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கடிதத்துக்குப் பதிலாக அப்படி ஒரு படம் போகும். அத்தகைய அட்டைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

மரம் கீறுவதற்கு அவர் சொல்லிக் கொடுத்த விதத்தை, அவரிடம் 1940 முதல் 1942 வரை பயின்ற சத்யஜித் ராய் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மரம் மேலிருந்து கீழே வளர்வதில்லை, ஆகவே கோடும் அடியிலிருந்து மேல் நோக்கிப் போகவேண்டும் என்பது நந்தலாலின் பாடம். சிறிய விஷயம்தான். ஆனால், அப்படிக் கீறும் பிள்ளை வேரில் தொடங்கி, எங்கே கிளை பிரிகிறது, காற்று எந்தப் பக்கம் வளைத்தது என்று மரத்தின் வாழ்க்கையைப் பின்தொடர்கிறது. எங்கள் முற்றத்து வேம்பை ஒருமுறை இப்படிக் கீறிப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

இல்லாமையை அவர் தடையாகக் கருதவில்லை. கலாபவன மாணவர் விடுதி ஒன்றை 1930களில் மண்ணால் கட்டி, சுவரில் மாணவரே புடைப்புச் சித்திரங்களை அமைத்து, தார் பூசினார்கள். கறுப்பு வீடு என்றே அதற்குப் பெயர். செலவு சொற்பம், அழகோ இன்றும் பேசப்படுகிறது. கல்வியில் கலைக்குரிய இடம் பற்றி எழுதிய கட்டுரையில் இக்கருத்தை அவர் விளக்கினார். அழகுணர்ச்சி பணத்தால் வருவதன்று, சந்தால் ஏழையின் குடிசை துப்புரவாகவும் ஒழுங்காகவும் இருக்கிறது, வசதியுள்ளவரின் வீடோ விலையுயர்ந்த பொருட்களால் நிரம்பியும் ஒழுங்கற்றுக் கிடக்கலாம் என்பது அவர் வாதம். பாடசாலைகளில் நல்ல படங்களைத் தொங்கவிட வேண்டும், பிள்ளைகளை இயற்கையைப் பார்க்க அழைத்துச் செல்ல வேண்டும், கலையையும் பிற பாடங்களுக்குச் சமமாக மதிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். எல்லோரும் ஓவியராக வேண்டும் என்பது அவருடைய நோக்கமல்ல. பார்க்கத் தெரிந்த மனிதராக எல்லோரும் வளர வேண்டும் என்பதுதான்.

பெண்களின் கையிலிருந்த கலையையும் அவர் மதித்தார். வங்காளத்துப் பெண்கள் அரிசிமாக் கரைசலால் தரையில் இடும் அல்பனாவைக் கற்பிக்க, சுகுமாரி தேவி என்ற கைதேர்ந்த பெண்மணி கலாபவனத்துக்கு வந்தார். பிறகு நந்தலாலின் மகள் கௌரி அதைத் தொடர்ந்தார். கொடி, இலை, பூ, அலை, வட்டம் என்பனவே அதன் மொழி. உயிருருவங்களை வரைவதில் நம் பெற்றார் சிலருக்குத் தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்தை மதித்தபடியே நிறையக் கீற முடியும் என்பதற்கு இது சான்று. பெருநாள் இரவில் நம் பிள்ளைகளின் கையில் மருதோன்றியால் விரியும் கொடிகளும், பன்பாயில் நம் மூதாட்டிமார் பின்னும் கட்டங்களும், பள்ளிவாசல் வளைவிலுள்ள வடிவங்களும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

பிள்ளைகளின் முதற் புத்தகம்

1930ஆம் ஆண்டு நந்தலாலின் வாழ்க்கையில் இரண்டு வகையில் முக்கியமானது. காந்தியடிகள் உப்பு எடுக்கத் தண்டிக்கு நடந்தார். அந்த நடையை நந்தலால் லினோலியம் துண்டில் செதுக்கி அச்சிட்டார். கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. முதியவர் ஒருவர், ஒரு தடி, முன்னே வைத்த கால். அரசியல் கட்டுரை பல பக்கங்களில் சொன்னதை அந்தப் படம் வாசிக்கத் தெரியாதவருக்கும் சொன்னது.

அதே ஆண்டில் தாகூர் சிறுவருக்கென எழுதிய சஹஜ் பாத் என்னும் வங்காள அரிச்சுவடி வெளிவந்தது. அதற்கும் நந்தலால் லினோ அச்சுப் படங்களையே தந்தார். சிறுவர் புத்தகம் என்றால் பளபளக்கும் நிறங்கள் வேண்டும் என்று நாம் நினைப்போம். இதில் நிறமே இல்லை. கரிய நிழல், வெள்ளை வெளிச்சம், ஒரு மரம், ஓர் ஓடம், ஒரு வீடு. மிகுதி அனைத்தையும் பிள்ளையே இட்டு நிரப்ப வேண்டும். எழுத்தைக் கூட்டி வாசிக்க முன்னரே பிள்ளை படத்தை வாசித்து முடித்துவிடும். மேற்கு வங்கத்தின் பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு அதுதான் முதற் புத்தகம்.

1938இல் ஹரிபுராவில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. ஊர்மக்கள் திரளாக வருவார்கள், அவர்களுக்குப் புரியும்படி பந்தலை அலங்கரிக்க வேண்டும் என்று காந்தியடிகள் நந்தலாலிடம் பொறுப்பை ஒப்படைத்தார். கையால் செய்த தாளை அட்டையில் ஒட்டி, மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் எடுத்த நிறங்களால் வரைந்தார்கள். மாணவருடன் சேர்ந்து ஏறத்தாழ 400 படங்கள் தயாராயின. அவற்றில் 80க்கு மேற்பட்டவை நந்தலாலே வரைந்தவை. மேளம் அடிப்பவர், செருப்புத் தைப்பவர், பஞ்சு அடிப்பவர், பிள்ளையைத் தூக்கிய தாய். எந்தப் படத்திலும் விளக்கம் எழுதவில்லை. மாநாட்டுக்கு வந்த உழவர்கள் அவற்றில் தங்களையே கண்டார்கள்.

இந்தியா சுதந்திரம் பெற்ற பின் அரசியலமைப்பு நூலைக் கையால் எழுதினார்கள். அதன் 22 பகுதிகளின் தலைப்பிலும் நந்தலாலும் மாணவரும் சித்திரங்களை அமைத்தனர். சிந்துவெளி முத்திரையின் காளையில் தொடங்கி, அக்பரின் அவை, திப்பு சுல்தான், நவகாளியில் காந்தியடிகளை வரவேற்கும் முஸ்லிம் மக்கள் என்று போய், மலையிலும் பாலைவனத்திலும் கடலிலும் முடிகிறது. சட்ட வாசகங்களை மூடிவிட்டுப் படங்களை மட்டும் பார்த்தால், ஒரு நாட்டின் வரலாறு சொல்லற்ற சித்திரப் புத்தகமாக விரியும். பல சமூகத்தாருக்கும் அதில் இடம் உண்டு என்பது கவனிக்கத்தக்கது.

மாணவர் வழியே தொடர்ந்த வாழ்க்கை

கலாபவனத்தில் சேர வந்த பினோத் பிஹாரி முகர்ஜி என்ற சிறுவனுக்கு ஒரு கண் தெரியாது, மறு கண்ணில் கடும் கிட்டப்பார்வை. ஓவியம் இவனால் ஆகுமா என்று நந்தலால் தயங்கினார். ஆர்வம் இருக்குமானால் இருக்க விடலாம் என்று தாகூர் கூறினார். அந்தச் சிறுவன் இந்தியாவின் மிகச் சிறந்த சுவரோவியர்களில் ஒருவரானார். 1950களில் பார்வை முற்றாகப் போன பின்னும் தாள் வெட்டி ஒட்டியும், ஓடுகளால் சுவர்ச் சித்திரம் அமைத்தும் தொடர்ந்தார். சத்யஜித் ராய் பதேர் பாஞ்சாலி படத்தை எடுக்குமுன் அதன் காட்சிகளை ஒரு கொப்பியில் மைச் சித்திரங்களாகக் கீறியே தயாரிப்பாளர்களிடம் கொண்டுபோனார். தேவி பிரசாத் என்னும் மாணவர் சேவாகிராமத்தில் காந்தியடிகளின் ஆதாரக் கல்விப் பாடசாலைக்குச் சித்திர ஆசிரியராகப் போய், குழந்தைகளின் ஓவியத்தையே கல்வியின் அடித்தளமாகக் கொண்டு நூல் எழுதினார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து கேரளத்தில் வளர்ந்த கே. ஜி. சுப்ரமணியன், பெரும் ஓவியராக விளங்கியதோடு சிறுவருக்கான சித்திரப் புத்தகங்களையும் படைத்தார்.

இலங்கைக்கும் அந்தத் தொடர்பு உண்டு. 1934இல் தாகூர் தம் குழுவுடன் இங்கே வந்தபோது நந்தலாலும் உடன் வந்தார். ஹொரணையில் ஸ்ரீபாலி கல்விக்கூடத்துக்கு அப்போதுதான் தாகூர் அடிக்கல் நாட்டினார். விகாரைச் சுவரோவியங்களைப் பிரதி செய்து காத்த மஞ்சுஸ்ரீ சாந்திநிகேதனில் தங்கிக் கற்றவர். வடக்கில் எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தை அமைத்தார். நம் பகுதிக்குச் சித்திரம் அந்நியமானதன்று.

நந்தலாலுக்கு 1954இல் பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது. 1966 ஏப்ரல் 16ஆம் திகதி காலமானார். அவருடைய படைப்புகள் ஏறக்குறைய 7000, புதுடில்லி நவீன ஓவியக்கூடத்தில் இருக்கின்றன.

நமக்கு என்ன பயன்?

எங்கள் வகுப்பில் எழுத்தில்லாத சித்திரப் புத்தகங்கள் சில இருக்கின்றன. முதலில் பிள்ளைகள் திகைத்தார்கள், வாசிக்க ஒன்றுமில்லையே என்றார்கள். பிறகு ஒரே பக்கத்துக்கு முப்பது பிள்ளைகளிடமிருந்தும் முப்பது கதைகள் வந்தன. மூடிய கதவின் படத்தைப் பார்த்து, உள்ளே பெருநாளுக்குப் பலகாரம் சுடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னது. அந்த வீட்டுக்காரர் இன்னும் திரும்பி வரவில்லை என்று இன்னொரு பிள்ளை சொன்னது. இரண்டாவது பிள்ளையின் குடும்பம் புத்தளத்தில் நீண்டகாலம் இருந்துவிட்டு மீள்குடியேறியது. வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் சேர்ந்துவிட்டது. கட்டுரை எழுதச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இரண்டு வரிக்கு மேல் எழுதியிராது.

இன்னொன்றையும் கண்டேன். இடப்பெயர்வால் படிப்பு நின்றுபோன உம்மம்மாமார் நம் ஊர்களில் பலர். பேரப்பிள்ளை கதைப் புத்தகத்தை நீட்டும்போது கண் தெரியவில்லை என்று ஒதுங்கிக்கொள்வார்கள். எழுத்தில்லாத புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டபோது ஓர் உம்மம்மா அதைப் பேத்தியை மடியில் வைத்து முழுவதும் வாசித்திருக்கிறார். காட்டையும் குளத்தையும் பழைய வீட்டுக் கிணற்றையும் சேர்த்துக்கொண்டு வாசித்திருக்கிறார். மறுநாள் பிள்ளை வகுப்பில் சொன்ன கதையில் எனக்கே தெரியாத மரங்களின் பெயர்கள் இருந்தன. சொல்வளம் என்று நாம் பாடத்திட்டத்தில் எழுதிவைப்பது அதைத்தானே!

ஆகவே பெற்றாரிடம் சில வேண்டுகோள்கள். புத்தகம் வாங்க வசதியில்லையென்றால் பரவாயில்லை. பழைய நாட்காட்டியின் பின்பக்கம், பலசரக்குக் கடையின் அட்டைப்பெட்டி, ஒரு பென்சில், அடுப்புக்கரி போதும். நந்தலாலின் அட்டைகளும் அத்தனை பெரியவையல்ல. பிள்ளை படம் கொண்டுவந்தால் இது என்ன என்று கேட்பதைவிட, இதற்கு முன் என்ன நடந்தது, இனி என்ன நடக்கும் என்று கேளுங்கள். உங்கள் கையால் திருத்த வேண்டாம். அவனீந்திரநாத் ஓர் இரவு தூங்காமல் கற்ற பாடம் அது. நான்கு தாள்களை மடித்துத் தைத்து, எழுத்தில்லாத கதையொன்றைப் பிள்ளையே கீறட்டும். தரம் 5 வந்தாலும் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் அந்தக் கொப்பிக்கு விடுங்கள். கூர்ந்து பார்க்கப் பழகிய கண் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் வீணாகப் போகாது.

மாணவியருக்கும் ஒரு சொல். உங்களில் சிலர் சித்திரத்தைப் பாடமாக எடுத்திருக்கிறீர்கள். மற்ற பாடங்கள் கடினமென்பதால் எடுத்ததாகப் பிறர் நினைப்பார்களோ என்று சிலர் கூசுவதையும் அறிவேன். நந்தலாலின் வீட்டாரும் ஒருகாலத்தில் அவரைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒரு நாடு தன் அரசியலமைப்பை அவர் கையில் கொடுத்து அலங்கரிக்கச் சொன்னது. நீங்கள் ஆசிரியராகலாம், தாதியாகலாம், சட்டத்தரணியாகலாம், ஒரு வீட்டின் உம்மாவாகலாம். எதுவானாலும், உங்களிடம் வரும் சிறுபிள்ளை நீட்டும் முதற் படத்தை இரண்டு கைகளாலும் வாங்கி, நின்று பாருங்கள். அது அந்தப் பிள்ளை எழுதிய முதற் பக்கம்.